‘வாடகைச் சட்டமே செல்லாது’ என்று யாராவது சொன்னால்

தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டின் முகப்பு அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, முறுக்கும் சீப்புச் சீடையும் சுட்டு விற்கிறார் ஓர் அக்கா. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருநாள் வந்து, “வாடகைச் சட்டமே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது, அக்கா. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுங்கள்” என்றிருக்கிறார். அக்கா நம்பிவிட்டார். அடுப்பை வைக்க வேறு இடம் தேடி அலைந்தபோதுதான் விஷயம் என் காதுக்கு வந்தது. இதே வார்த்தையைக் காரைக்குடியிலும் பள்ளத்தூரிலும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வழக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. வாடகைக் கட்டுப்பாடு அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்தை மீறுகிறது என்று வீட்டு உரிமையாளர்கள் பல மாநிலங்களிலிருந்து நீதிமன்றம் போனது உண்மை. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பம்பாயில் 1940ஆம் ஆண்டு வாடகையையே அரை நூற்றாண்டுக்கு மேல் உறைய வைத்திருந்தார்கள். அது காலத்துக்கு ஒவ்வாத, நியாயமற்ற ஏற்பாடு என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அப்போதும் சட்டத்தை ரத்து செய்யவில்லை; அது சில மாதங்களில் தானே காலாவதியாக இருந்ததால் அரசிடமே விட்டுவிட்டது. நம் மாநில வழக்கு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று 1960ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இருந்த விதியை 1986இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே 14ஆம் பிரிவின்படிதான். பயன் கிடைத்தது வாடகைதாரர்களுக்கு. ‘செல்லாது’ என்ற சொல்லைக் கேட்டதும் மூட்டை கட்டாதீர்கள். எந்த விதி, யாருக்கு எதிராக என்று கேளுங்கள்.

அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டமே இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பே தொடுத்து நிலுவையில் நின்ற வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படி நடக்கும். ஆகவே, பழைய சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் வீடு கைக்கு வந்துவிடும் என்று வயதான உரிமையாளர்களிடம் பணம் கேட்பவர்களையும் நம்ப வேண்டாம். சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும் என்றால் புதிய சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி வாடகை நீதிமன்றம் போக வழி இருக்கிறது.

இனிமேல்தான் கவனம் வேண்டும். புதிய சட்டம் எழுத்தை நம்புகிறது. நம் ஊர் வாய்ச்சொல்லை நம்புகிறது. பன்னிரண்டு வருடமாகக் குடியிருக்கும் அந்த அக்காவிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறினால் அதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கேட்கலாம் என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. தவறு யாருடையது என்று பிறகு வாதாடுவது பெரும்பாடு. இன்றே உரிமையாளருக்கு, ஒப்பந்தம் எழுதித் தாருங்கள் என்று ஒப்புகை அட்டையுடன் தபாலில் கடிதம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் இருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பதிவு இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. பத்திரப் பதிவு அலுவலகம் வேறு, இது வேறு. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அதிகாரி. இதைச் சொல்ல வேண்டிய அலுவலகங்களே சொல்வதில்லை. அந்த அக்கா விசாரிக்கப் போனபோது கிராம நிர்வாக அலுவலர் தாலுகா அலுவலகத்தைக் காட்டினார். அங்கே பத்திரப் பதிவுக்குப் போகச் சொன்னார்கள். பத்திரப் பதிவில் “இது எங்கள் வேலை இல்லையே அம்மா” என்றார்கள். மூன்று நாள் வியாபாரம் போயிற்று. விண்ணப்பத்தை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் போய்விடாதீர்கள். வாடகைதாரரும் கொடுக்கலாம்.

செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீடு ஒன்று, பங்காளிகள் இருபது பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், சாவி ஊரில் ஒருவரிடம். வாடகையை ஒருவர் வாங்குகிறார், காலி செய்யச் சொல்வது இன்னொருவர். ஒரு பங்காளி தனியாகவே வழக்குப் போட நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. “அவர் ஒருவர்தானே கேட்கிறார்” என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். அதே நேரம், நீங்கள் கொடுத்த வாடகையை வாங்கவே இல்லை என்று மற்றவர் சொல்லாமலிருக்க, ரசீது வேண்டும். பார்த்துக்கொள்பவரின் நோட்டில் எழுதுவது ரசீது ஆகாது.

இன்னொன்று, கட்டடம் யாருடையது என்று சொத்து வரி ரசீதைப் பாருங்கள். கோவிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமென்றால் கதை வேறு. அத்தகைய கட்டடங்களுக்கு 1974இல் அரசு கொடுத்த விலக்கைப் பிறகு உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. புதிய சட்டத்தின் 3ஆம் பிரிவிலும் விலக்குக்கு இடம் இருக்கிறது. கோவில் கடைக்காரர்கள் வாடகை நீதிமன்றத்தை நம்பி மாதங்களை வீணாக்கக் கூடாது.

வாடகையை வாங்காமல் இழுத்தடித்து, பிறகு பாக்கி என்று காட்டுவது பழைய தந்திரம். இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டாவிட்டால் அதுவும் வெளியேற்றக் காரணம். எனவே கையில் வாங்க மறுத்தால் வங்கி வழியாகவோ மணியார்டராகவோ அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். திரும்பி வந்த மணியார்டர் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் புதிய சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். உடனே திரும்பத் தரும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் பிரிவு எண்ணை எழுதுங்கள். எழுதாத மனு ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற முத்திரையோடு மேசை மேசையாக நகரும். சிவகங்கையில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தாலும், பெரும்பாலும் முதலில் கைவிரித்த அதே அலுவலகத்துக்குத்தான் அது திரும்பி வரும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

பூட்டை மாற்றிவிட்டால்? காவல் நிலையத்தில் “சிவில் விவகாரம்” என்பார்கள். எதிர்பார்த்தே போங்கள், புகார் ரசீதை வாங்குங்கள். நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியே தள்ளப்பட்டவர், சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உள்ளே திரும்பலாம். காலக்கெடு ஆறு மாதம். பங்காளிகள் பேசித் தீர்ப்பார்கள், அதிகாரி அழைப்பார் என்று காத்திருந்தே ஐந்து மாதத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். வெளியேற்றப்பட்ட தேதியை அன்றே எழுதி வையுங்கள். பூட்டைப் படம் எடுங்கள். மறுவாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் உண்டு. அந்த அக்கா அங்கேதான் போனார். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.