கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் காரம்

கான்கிரீட் மூடியிருப்பதால் கம்பிக்குக் காற்றும் தண்ணீரும் எட்டாது, அதனால்தான் துருப்பிடிப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எட்டும். கான்கிரீட்டுக்குள் நுண்துளைகள் ஏராளம். கம்பியைக் காப்பது அந்தத் துளைகளில் உள்ள நீரின் காரத்தன்மைதான்.

சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. சிமெண்டில் உள்ள சோடியம், பொட்டாசியமும் சேர்ந்து துளைநீரின் பிஎச் அளவை (காரத்தைக் காட்டும் எண்; 7க்கு மேல் கூடக் கூடக் காரம் அதிகம்) 12.5க்கு மேலே வைத்திருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகும். அது கலையாதவரை துரு ஏறும் வேகம் ஏறக்குறைய பூஜ்யம்தான்.

படலத்தைக் கலைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று உப்பிலிருந்து வரும் குளோரைடு. காரம் குறையாமலே படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். கம்பியில் குழி குழியாக அரிக்கும். மற்றது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது வெளியிலிருந்து மெல்ல உள்ளே இறங்கி, அந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கார்பனேட்டாக மாற்றி, பிஎச் அளவை 9க்கும் கீழே கொண்டுவந்துவிடும். இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடும். அப்படியானால் கவர், அதாவது கம்பிக்கு மேல் உள்ள கான்கிரீட்டின் கனம், பாதியானால் கம்பியை எட்டும் காலம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும்! சைட்டில் "கவர் பத்து மில்லிமீட்டர் குறைஞ்சா என்ன சார்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்.

பழைய கட்டடத்தைப் பார்க்கப் போனால் கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து, புதிதாய் உடைந்த முகத்தில் பீனால்ப்தலீன் என்ற, காரத்தில் நிறம் மாறும் திரவத்தைத் தெளிப்போம். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது. நிறம் மாறாத பட்டை கம்பி வரை வந்திருந்தால் பாதுகாப்பு போய்விட்டது. உப்பு ஏறியிருப்பதை இந்தச் சோதனை காட்டாது. அதற்குத் தூள் எடுத்துத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? கம்பியைத் தூக்கிப் பிடித்துக் கவர் கனத்தைக் காக்கும் கவர் பிளாக்கை அந்த கான்கிரீட்டுக்கு இணையான தரத்தில் வார்த்து வையுங்கள், உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுக்காதீர்கள். பூச்சுக் கனத்தைக் கவர் கணக்கில் சேர்க்காதீர்கள். இளக்கத்துக்காகத் தண்ணீரைக் கூட்டி ஊற்றினால் துளைகள் பெருகும். கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் கியூரிங்கைப் பாதியில் விட்டாலும் அதே கதைதான், அதுவும் கவர் பகுதியில்தான் முதலில். கம்பியில் லேசான பழுப்புத் துரு இருந்தால் பயப்பட வேண்டாம். செதில் செதிலாக உதிர்வதைத் தேய்த்து எடுத்தால் போதும்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் கம்பி ஓடும் வழியிலேயே விரிசல் வருகிறது. அப்படிப்பட்ட விரிசலைப் பட்டி வைத்து மறைத்தால் உள்ளே அரிப்பு தொடரும். உப்பால் வந்த துருவென்றால், வெடித்த இடத்தை மட்டும் கொத்திப் பூசுவதும் பலன் தராது. ஒட்டுக்கு அடுத்த பழைய பகுதியில் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கத் தொடங்கும்.