தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரிதான்

2021 நவம்பர் மழை விட்ட மூன்றாம் நாள், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பதினோரு வருஷத்துக்கு முன் நான் பிளான் போட்டுக் கொடுத்த வீடு. வீட்டுக்காரர் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசில் கட்டியது. சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. சோபாவையும் பாடப் புத்தகங்களையும் முற்றத்து வெயிலில் பரப்பியிருந்தார்கள்.

“சாரே, பிளான் நீங்க போட்டது. அப்ரூவல் உண்டு. தீர்வையும் தவறாம கட்டுறேன். பின்னே தண்ணி எப்படி உள்ள வந்தது?”

நியாயமான கேள்வி. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டு இடைவெளி, தரைமட்டம், மழைநீர் வடிகால் எல்லாமே விதிப்படி இருந்தன. பிழை அவருடைய ஏழு சென்டுக்குள் இல்லை. வீட்டுக்குக் கிழக்கே அன்றைக்கு ஒரு ஏலா, அதாவது தாழ்ந்த நெல்வயல் வெளி, இருந்தது. கட்டும்போது ஜன்னலைக் கிழக்கே பெரிதாக வைக்கச் சொன்னதே அந்தப் பச்சையைப் பார்க்கத்தான். அதற்குப் பிறகு மூன்று பேர், மூன்று வெவ்வேறு வருஷங்களில், ஏறத்தாழ இரண்டரை ஏக்கரை மண்ணடித்து நான்கடி உயர்த்திவிட்டார்கள். ஒருவர் வீடு கட்டினார், ஒருவர் குடோன் போட்டார், ஒருவர் மனை பிரித்து விற்றார். ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு காகிதம் உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரிதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் வயலில் அரை அடி தண்ணீர் நின்றால் அது 6 லட்சம் லிட்டருக்குச் சற்று மேலே வரும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எடுத்தால் 50 லாரிக்கு மேல். இரண்டரை ஏக்கர் என்றால் 15 லட்சம் லிட்டர். வரப்புக்குள் ஒன்றிரண்டு நாள் நின்று மெதுவாக ஓடைக்கு வடிய வேண்டிய தண்ணீர், நிற்க இடமில்லாமல் தாழ்ந்த இடத்தைத் தேடியது. மேடாக்கிய மனைகளுக்கு நடுவே தாழ்ந்திருந்தது என் கட்சிக்காரரின் வீடு மட்டும்தான். (வக்கீல்கள் சொல்கிற ‘கட்சிக்காரர்’ எங்கள் தொழிலிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.)

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு ஏக்கரை நான்கடி உயர்த்த, அமுங்குவதைச் சேர்க்காமலே, 1,742 யூனிட் மண் வேண்டும் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் 580 நடை. அந்த மண் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? ஏதோ ஒரு செம்மண் குன்றை வெட்டித்தான் வரும். வயல் மேடாகிறது, குன்று பள்ளமாகிறது. வெட்டிய குன்றின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்காரர் அடுத்த மழைக்கு என்னைக் கூப்பிடுவார், தடுப்புச் சுவருக்கு எஸ்டிமேட் கேட்டு.

பிளானுக்கு அனுமதி வாங்கினால் போதும், எல்லாம் சரி என்று நினைக்கிறோம். அனுமதியை நிர்ணயிக்கும் கட்டட விதிகள், இப்போது நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த விதிகள் உட்பட, பெரும்பாலும் ‘எப்படிக் கட்டலாம்’ என்பதைச் சொல்பவை. எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு, சாலையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்று. ‘எங்கே எதைக் கட்டலாம்’ என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது முழுமைத் திட்டம், நாம் மாஸ்டர் பிளான் என்று சொல்வது. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது அது. இது குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று வரைபடத்தில் மண்டலம் பிரித்து வைக்கும். அது நடைமுறையில் உள்ள எல்லைக்குள் மட்டும்தான் அந்தப் பிரிவு செல்லும். அதற்கு வெளியே இருப்பது ‘திட்டமில்லாப் பகுதி’. கேட்கவே சங்கடமாக இருந்தாலும் அரசாணைகளில் உள்ள பெயரே அதுதான்.

என் கைக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட ஊர்களில். அங்கே விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கும் வழி உண்டு. சட்டத்தின் 47-அ பிரிவும், 2017-இல் வந்த விதிகளும் இருக்கின்றன. ஆட்சியர், வேளாண்மைத் துறை என்று கருத்துக் கேட்பார்கள். ஆனால் கேட்பது ஒரு மனுவை வைத்து, ஒரு புல எண்ணைப் பற்றி. அந்தப் புல எண் இந்த ஏலாவில் மாறும் பதினெட்டாவது துண்டா, மாறாமல் மிச்சமிருக்கும் கடைசித் துண்டா என்பதை அந்த மனு சொல்லாது.

நம் மாவட்டத்துக்கு இது ஏன் மற்ற ஊர்களைவிட அதிகம் வலிக்கிறது என்றால், இடம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 18,70,374 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். அதிலும் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு, மீதி நிலத்தில்தான் இத்தனை பேரும். அதே கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 82 சதவீத மக்கள் நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள். நாம் கிராமம் என்று சொல்லிக்கொண்டிருப்பது காகிதத்தில் எப்போதோ பேரூராட்சி ஆகிவிட்டது. சாலை, வடிகால், குப்பைக்கு இடம் மட்டும் இன்னும் கிராமத்து அளவிலேயே இருக்கின்றன.

முன்னோர்களிடம் மாஸ்டர் பிளான் இல்லை, ஆனால் மண்டலப் பிரிவு இருந்தது. அது ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. ‘விளை’ என்று முடிந்தால் அது மேட்டு நிலம். தென்னையும் பலாவும் வீடும் அங்கே. ஏலா நெல்லுக்கு, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் விளையும் இடம். அங்கே வரப்பு இருக்கும், வீடு இருக்காது. குளம் என்றால் குளம், துறை என்றால் படகு. இதையெல்லாம் யாரும் கெஜட்டில் போடவில்லை. ஆனால் பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்து தண்ணீர் சானல்களில் ஓடத் தொடங்கியபோது, சானல் எந்த வழியே போக வேண்டும், மடை எங்கே வைக்க வேண்டும் என்று தீர்மானிக்க முடிந்தது இந்த ஒழுங்கு இருந்ததால்தான். இப்போது விளையில் காலி இடம் தீர்ந்துவிட்டது. பாகப்பிரிவினையில் பத்து சென்ட் மூன்று சென்டாகி, நடைவழி மூன்றடியாகி, அடுத்து எல்லாரும் ஏலாவுக்குள் இறங்கிவிட்டோம். சானல் அதே இடத்தில்தான் ஓடுகிறது. பாசனத்துக்கு வெட்டியது பல இடங்களில் சாக்கடை வாங்குகிறது.

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் மண்ணும் மழையும் இதேதான். ஆனால் கேரளத்தில் 2008-இல் நெல்வயல், தண்ணீர்த்தட நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். வயலை நிரப்பக் கூடாது. வேறு நிலமே இல்லாதவர் வீடு கட்ட வேண்டுமென்றால் ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை அனுமதி கேட்கலாம். அந்தச் சட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அங்குள்ள நண்பர்கள் அதைத் திட்டுவதையும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அங்கே நிலம் வாங்குபவருக்கு இது வயல், இதில் கட்ட முடியாது என்பது வாங்கும் முன்பே தெரியும். இங்கே வாங்கி, மண்ணடித்து, அஸ்திவாரம் போட்ட பிறகுதான் கேள்வியே வருகிறது.

இந்த இடத்தில் பலர் என்னிடம் கேட்பது: “கட்டுப்பாடு போட்டா வளர்ச்சி நின்னு போகாதா சார்?” எனக்குத் தெரிந்த ஓர் அண்டி ஆபீஸ் கதையைச் சொல்கிறேன்.

முந்திரி ஆலையைத்தான் எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். இது விளவங்கோடு பக்கம். முதலாளி ஆலை தொடங்கும்போது சுற்றிலும் ரப்பர் தோட்டம், கண்ணுக்கு எட்டிய தூரம் வீடு கிடையாது. நூற்றைம்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். பிறகு தோட்டங்கள் மனைகளாயின. வீடு கட்டியவர்களுக்கு இரண்டாம் வருஷத்திலிருந்து அண்டி வறுக்கும் புகை தொந்தரவானது. புகார், ஆய்வு, நோட்டீஸ். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் புகையை யார் சகிப்பார்கள்? முதலாளியையும் சொல்ல முடியாது, அவர்தான் முதலில் வந்தவர். ஆலையை விரிவாக்க என்னிடம்தான் பிளான் கேட்டு வந்தார். பக்கத்து நிலத்தை வாங்கவும் தயாராக இருந்தார். நான்கு அலுவலகம் ஏறி இறங்கியும் நடக்கவில்லை. கடைசியில் பாதி வேலையை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனார். வேலை இழந்த பெண்களில் சிலர், புகார் கொடுத்த தெருவிலேயே குடியிருந்தவர்கள்.

அந்த வட்டாரத்தில் ‘இது தொழிற்சாலைப் பகுதி, சுற்றி இத்தனை மீட்டருக்கு வீடு வேண்டாம்’ என்று ஒரு கோடு இருந்திருந்தால் ஆலையும் நின்றிருக்கும், வீடு கட்டியவர்களும் வேறு இடம் பார்த்திருப்பார்கள். மண்டலப் பிரிவு என்றால் விவசாயியையும் பறவையையும் மட்டும் காப்பாற்றும் ஏற்பாடு என்று நினைக்கிறோம். முதல் போடுகிறவனுக்கும் அதுதான் காப்பு. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்க முடிந்ததற்குக் காற்று மட்டும் காரணமில்லை, நெருக்கிக் குடியிருப்பு இல்லாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் நேர்மாறாக நடந்தது. கிடங்கைச் சுற்றி வீடுகள் வந்தன. தீப்பிடிக்கும் நாட்களில் அந்தப் பக்கம் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாலை விஷயம் சுருக்கமாக. மெயின் ரோட்டை ஒட்டிக் கடை, கடையை ஒட்டிப் பள்ளி, பள்ளியை ஒட்டிக் கல்யாண மண்டபம் என்று நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ஒரே சரமாக வளர்ந்தோம். பிறகு நெரிசலுக்கு பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலம் கட்டினோம். நான்குவழிச் சாலையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று, வெளியே என்றால் வயலும் குளமும்தான். பன்னிரண்டடிச் சந்துக்குள் ஒரு மண்டபத்துக்குப் பிளான் கேட்டு வந்தவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து மண்டபம் அங்கே நின்றது. வேறு யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

2016-இல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது நினைவிருக்கும். அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது, 20.10.2016-க்கு முன் விற்ற மனைகளுக்கு. அந்த மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் சாப்பிட நேரமில்லை. வரன்முறை ஆனபின் வங்கிக் கடன் கிடைத்தது, பத்திரம் பதிவானது, நல்லதுதான். ஆனால் பத்தடி வழி பத்தடியாகவே இருந்தது. பள்ளத்து மனை பள்ளத்திலேயே இருந்தது. காகிதம் சரியாவதும் இடம் சரியாவதும் ஒன்றல்ல என்று அப்போதே பலரிடம் சொன்னேன். கட்டணம் கட்டிய களைப்பில் யாருக்கும் கேட்கிற பொறுமை இல்லை.

மாஸ்டர் பிளான் என்றதும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு வரும் பயமும் எனக்குத் தெரியும். “என் நிலத்துல பூங்கான்னு பச்சை அடிச்சுட்டா நான் என்ன செய்ய?” இதற்குச் சட்டத்திலேயே ஒரு பதில் உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான அறிவிப்பு மூன்று ஆண்டுக்குள் வராவிட்டால், அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட முக்கியம், வரைவுத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபனையும் யோசனையும் எழுதிக் கொடுக்க அவகாசம் தருவார்கள். அப்போது நாம் யாரும் வரைபடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் மனை பிரிப்பவர்கள் மட்டும். உங்கள் ஊரின் வரைவு வெளியானால் உங்கள் புல எண்ணை மட்டும் தேடாதீர்கள். தண்ணீர் வரும் திசையில் இருக்கும் நான்கைந்து புல எண்களையும் தேடுங்கள்.

அதுவரை, இடம் வாங்குபவர்கள் செய்யக்கூடியது. பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் பார்த்துவிடுவார். நீங்கள் ‘அ’ பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டில், நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று பாருங்கள். பட்டாவோடு எஃப்.எம்.பி. எனும் புல அளவீட்டு வரைபடம் வாங்கி அதில் ஓடை, வாய்க்கால் குறித்திருக்கிறதா என்று கவனியுங்கள். தரையில் காணாமல் போன ஓடை வரைபடத்தில் இருக்கும். மலையடிவாரம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் அந்தக் கிராமம் உண்டா, 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் தொடுகிறதா என்று கேளுங்கள். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை எல்லை. சுசீந்திரம், தேரூர், வேம்பனூர்க் குளங்களை ஒட்டி என்றால் அவை 2022 முதல் ராம்சார் தளங்கள், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள், என்பது நினைவிருக்கட்டும்.

பிறகு ஐப்பசி மழையில் ஒரு தடவை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டில் வயதானவர் இருந்தால் பேச்சுக் கொடுங்கள். தக்கலை வீட்டுக்குப் போன அன்று எதிர்வீட்டுப் பாட்டி என்னிடம் சொன்னார்: “மக்ளே, இந்தத் தண்ணி எங்க சின்ன வயசுலயும் வரும். அப்போ வயல்ல நின்னுட்டுப் போவும்.”

கட்சிக்காரருக்கு நான் கடைசியில் செய்து கொடுத்தது, தரையை மூன்றடி உயர்த்துவதற்கு ஓர் எஸ்டிமேட். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறார்களே, அந்த வேலை. தூக்கினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் மேற்கே இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்குப் போகும். அதையும் அவரிடம் சொன்னேன். “அவன்கிட்ட சொல்லிட்டுத் தூக்குவோம் சாரே” என்றார்.