துரோசோபிலா: பழ ஈ என்பது சரியான பெயரா?

திருகோணமலையில் வாழைக்குலை கறுக்கத் தொடங்கியதும் அதில் வந்து மொய்ப்பதைக் கொசு என்போம். நம் பேச்சில் கடிப்பது நுளம்பு, பழத்தில் மொய்ப்பது கொசு. அந்தக் கொசுதான் துரோசோபிலா. பாடப்புத்தகத்தில் பழ ஈ.

கிரேக்கத்தில் துரோசோஸ் என்றால் பனித்துளி, பிலோஸ் என்றால் விரும்புவது. சுவீடன்காரரான ஃபாலன் 1823இல் பேரினத்துக்கு இந்தப் பெயரை இட்டார். ஆய்வுகூடங்களில் வளரும் இனத்துக்கு மெலனோகாஸ்டர், அதாவது கருவயிறு, என்று 1830இல் பெயர் வைத்தவர் மைகன். மூன்று மில்லிமீற்றர்கூட இல்லாத பூச்சி. கைவில்லையால் பாருங்கள்: ஆணின் வயிற்று நுனி மை தொட்டதுபோல் கறுப்பாக இருக்கும், பெண்ணுக்கு வரிவரியாக, நுனி கூர்ந்திருக்கும்.

பழ ஈ என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல மாங்காயைக் குத்தி உள்ளே முட்டையிட்டு விளைச்சலைக் கெடுக்கும் பக்ட்ரோசெராவையும் விவசாயிகள் பழ ஈ என்றே சொல்கிறார்கள். அது வேறு குடும்பம். துரோசோபிலாவுக்கு வேண்டியது நொதிக்கும் பழமும் அதில் பெருகும் மதுவமும் (ஈஸ்ட்) தான். கள் முட்டியையும் வினாகிரிப் போத்தலையும் அது தேடி வருவது அதனால்தான். பனிவிரும்பி என்று மொழிபெயர்த்தால் அழகாக இருக்கும், பூச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வினாகிரி ஈ என்பதே பொருத்தம்.

25 பாகை செல்சியசில் முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும்; ஒரு வருடத்தில் முப்பது தலைமுறைக்கு மேல் பார்க்கலாம். கூர்ப்பு ஆய்வுக்கு இது உகந்தது அதனால்தான். வயதான பெண் ஈக்கள் இட்ட முட்டைகளை மட்டுமே தலைமுறை தலைமுறையாக வளர்த்த மைக்கேல் ரோஸ், ஆயுள் கூடிய ஈக்கள் உருவானதை 1984இல் வெளியிட்டார்.

வளர்க்க, மசித்த வாழைப்பழத்தை இரண்டு விரற்கடை உயரத்துக்குப் போத்தலில் இட்டு, ஒரு சிட்டிகை மதுவம் தூவி, மடித்த கடதாசித் துண்டொன்றைச் செருகி, ஈக்களை உள்ளே விட்டுப் பஞ்சால் அடையுங்கள். சாறு மிதந்தால் ஈக்கள் ஒட்டிச் சாகும். கடதாசி அவை நிற்கவும் கூட்டுப்புழு ஒட்டவும் இடம் தரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில்தான் சிக்கல். 30 பாகைக்கு மேல் நீடித்தால் ஆண்கள் மலடாகும், முட்டை பொரிக்காது. போத்தலில் ஈரத்துணி சுற்றித் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். சூடு தணியும், எறும்பும் ஏறாது. ஏழாம் நாள் தாய் ஈக்களை வெளியேற்றுங்கள். விட்டுவிட்டால், பத்தாம் நாள் பறப்பது தாயா மகளா என்று பிரித்தறிய வழியில்லை.