மழை நேரத்தில் தேனீப் பெட்டியைக் கைவிட்டுவிடாதீர்கள்

ஏப்ரலோடு தேன் எடுப்பு முடிந்ததும் பெட்டியை மறந்துவிடுகிறவர்கள் எங்கள் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். வீட்டுக்குப் பின்னால் ஐந்து, பத்துப் பெட்டி மட்டும் வைத்திருப்பவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். மழை விட்டு அக்டோபரில் போய்த் திறந்தால் பெட்டி காலி. "ஈ எல்லாம் போச்சு சார்" என்று வருவார்கள். அவை போனதற்கான காரணம் பெரும்பாலும் ஜூன், ஜூலையிலேயே தொடங்கியிருக்கும்.

இந்தப் பக்கத்துத் தேன் ரப்பர் மரத்தை நம்பித்தான். இலை உதிர்ந்து ஜனவரி வாக்கில் புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் தேன் ஊறும். இலை முற்றினால் அது நின்றுவிடும். அடுத்து தென்மேற்குப் பருவமழை. ஈ வெளியே போக முடியாது, போனாலும் கிடைப்பது குறைவு. நாம் வளர்க்கும் இந்தியத் தேனீ பட்டினி பொறுக்காது, கூட்டமாகக் கிளம்பிவிடும்.

அதனால் கடைசி எடுப்பில் மேலே இருக்கும் தேன் அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே முட்டையும் குஞ்சுப் புழுவும் வளரும் புழு அறையில், அடைகளின் மேல் ஓரத்தில் இருக்கும் தேன் ஈக்களுடையது. அதுவும் தீர்ந்தால், ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். ஈ மூழ்காமல் இருக்க நாலு குச்சி போட வேண்டும். இருட்டும் நேரத்தில், வெளியே சிந்தாமல் வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். கருப்பட்டி, வெல்லம் வேண்டாம். ஈக்களுக்கு வயிற்றுப்போக்கு வரும்.

மழைக்காலத்தில் நான் மிகவும் பயப்படுவது மெழுகுப் பூச்சிக்குத்தான், அடையைத் துளைத்துத் தின்னும் புழுவின் அந்துப்பூச்சி அது. புழு அறையைத் தூக்கி வைத்துவிட்டு அடித்தட்டைப் பாருங்கள். மெழுகுத் தூளோடு மிளகுப் பொடி போலக் கறுப்பு எச்சம் கிடந்தால் அந்தப் பூச்சியின் புழு வந்துவிட்டது. அடையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளை நூல் சுரங்கம் தெரியும். ஈக்கள் மூடி உட்காராத அடையில்தான் அது முதலில் ஏறும். ஆகவே ஈ குறையும்போது அடையையும் குறைத்துவிட வேண்டும். கறுத்த பழைய அடைகளை வெட்டி உருக்கிவிடுங்கள். தேன் அறையிலிருந்து எடுத்த நல்ல அடைகளை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு காற்றுப் புகாத பையில் கட்டி வைக்கலாம். பெட்டி நிற்கும் தாங்கியின் கால் கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் இருந்தால் எறும்பு ஏறாது. அடித்தட்டை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

இன்னொன்று, தேனீயின் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன நோய் இது. தேனீப் புழு பைபோல ஊதி, அடையின் கண்ணுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. சந்தேகம் உள்ள பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெட்டி வாங்கும்போதும் புழுக்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அக்டோபரில் மழை இடைவெளியில் மகரந்தம் வரத் தொடங்கினால் கூட்டம் பெருகும். ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரிக்க நினைப்பவர்கள் அப்போதே பிரித்துவிட வேண்டும். முட்டை ஈயாக வெளிவர 20 நாள் அளவில் ஆகும். அது தேன் தேடப் பறக்க மேலும் இரண்டு, மூன்று வாரம். ஜனவரித் தளிருக்குப் போகும் ஈ, டிசம்பர் முதல் வாரத்துக்குள் முட்டையாக இருக்க வேண்டும். டிசம்பரில் பிரித்த கூட்டத்துக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.

தளிர் தெரிந்ததும் சர்க்கரைப் பாகை நிறுத்துங்கள். புழு அறையில் மிச்சமிருக்கும் பாகை ஈக்கள் தின்று தீர்த்த பிறகே தேன் அறையை ஏற்றுங்கள். நம்மிடம் வாங்குகிறவர் தேனுக்குத்தான் காசு கொடுக்கிறார்.