சான்றிதழ் வேறு, சான்றளிப்பு வேறு

‘பாதுகாப்புச் சான்றிதழ்களின் திறந்த தரவுத்தளம்.’ வேலூர், காட்பாடி வட்டாரத்துக் கருத்தரங்கத் தாள்களில், சிப்பு, மென்பொருள் போன்றவற்றின் பாதுகாப்புச் சோதனைப் பதிவுகளைக் குறிக்க, இந்தத் தொடர் ஊன்றிவிட்டது. சான்றிதழ், திறந்த, தரவுத்தளம் என்ற மூன்று சொல்லிலும் கோளாறு. முதற்சொல்லில் உள்ளதுதான் பெருங்கோளாறு.

‘சால்’ என்ற வேரிலிருந்து வந்தது சான்று. அதோடு ஏட்டைக் குறிக்கும் இதழ் சேர்ந்தால் சான்றிதழ், அதாவது கையில் தரும் தாள். தாள் வருவதற்கு முன் நடக்கும் சோதனையும் தீர்ப்பும் சேர்ந்த செயல் சான்றளிப்பு.

உலாவியில் பூட்டுக்குறியைத் தொட்டால் வருவதையும் பாதுகாப்புச் சான்றிதழ் என்கிறோம். ‘இந்த முகவரிக்கு உரிய தளம்தான் இது’ என்பதற்கான அடையாளம் அது; மென்பொருளே நிமிடங்களில் வழங்கிவிடும். காமன் கிரைட்டீரியா எனப்படும் ஐஎஸ்ஓ 15408 என்ற பன்னாட்டுப் பாதுகாப்பு நெறிப்படி ஒரு சிப்புக்குத் தருவது வேறு சங்கதி. தன் பொருள் எதை எதிலிருந்து காக்கும் என்று உற்பத்தியாளர் எழுதித் தரவேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் அதைச் சோதிக்கும். ஆய்வக அறிக்கையைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் அமைப்பு ஒப்பவேண்டும். நம் நாட்டில் அது ஒன்றிய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழுள்ள எஸ்டிக்யூசி. சோதனையின் ஆழத்தை 1 முதல் 7 வரை நிலைகளாகச் சொல்வார்கள். இதற்கும் அதே பெயரைச் சூட்டினால், படிக்க வரும் மாணவர் பூட்டுக்குறியைத்தான் நினைப்பார்.

‘தாள்தானே கடைசியில் கைக்கு வருகிறது, சான்றிதழ் என்றே சொன்னால் என்ன தவறு?’ என்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு விடை தெரியும். ஐரோப்பாவுக்குப் போகும், உடம்பில் படும் தோல்பொருளில் ஆறிணைதிறன் குரோமியம் என்ற நச்சு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. சோதனை அறிக்கை அந்த லாட்டுக்கே செல்லும், அடுத்த லாட்டுக்குச் செல்லாது. சிப்பும் அப்படியே. எந்தப் பதிப்பு, எந்த அமைவில் சோதிக்கப்பட்டதோ அதற்கே சான்று. அடுத்த மாதம் மென்பொருளைப் புதுப்பித்தால் அந்தப் புதுப்பதிப்பு சான்றுக்கு வெளியே போய்விடும். இந்த வரம்பைச் ‘சான்றிதழ்’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

அடுத்தது தரவுத்தளம். அது வினவல் ஓடும் மென்பொருள் ஏற்பாடு. இறக்கி எடுத்துக்கொள்ளும் கோப்புகள் தரவுத்தொகுப்பு. செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்தாரின் ‘செக்-செர்ட்ஸ்’ (sec-certs) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சான்றளிப்பு அறிக்கைகளின் பிடிஎஃப்களை உரையாக்கி, சான்று எண்களைப் பிரித்தெடுத்து, எந்தச் சிப்பு அட்டையின் சான்று எந்தச் சிப்பின் சான்றைச் சார்ந்தது என்று இணைத்து, வெளியான பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலோடு பொருத்துகிறார்கள். 2017இல் இன்ஃபினியான் நிறுவனச் சிப்புகளில் ‘ரோகா’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது எஸ்டோனியா தன் அடையாள அட்டைகளில் இருந்த, பூட்டுக்குறி வகையிலான மின்சான்றிதழ்களை முடக்கவே நேர்ந்தது. சான்றளிப்புப் பெற்ற சிப்புகள் அவை. சார்பு தெரிந்தால்தான் வேறு எந்த அட்டைகள் மாட்டும் என்று தேடமுடியும். இதிலும் பிழை நுழையும்: பொருளின் பெயர் இரு பட்டியலிலும் ஒன்றுபோல் இராது, வருடி எடுத்த பிடிஎஃப்பில் எழுத்து சிதையும், பிரான்சின் அறிக்கை பிரெஞ்சில் இருப்பதால் ஆங்கிலச் சொல்லைத் தேடும் நிரல் அதில் கோட்டைவிடும்.

‘திறந்த’ என்றால் பார்க்கலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. படியெடுக்கவும் மாற்றவும் உரிமை உண்டென்று சொல்லக் ‘கட்டற்ற’ என்ற சொல் வேண்டும்.

ஆகவே, பாதுகாப்புச் சான்றளிப்புகளின் கட்டற்ற தரவுத்தொகுப்பு. சான்றிதழ் என்ற சொல் தனித்தனித் தாளை எண்ணும் இடத்துக்குப் போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், கோப்பைத் திறப்பதில்லை. குறியாக்கக் கருவிகளுக்கான அமெரிக்க அரசு நெறி எஃப்ஐபிஎஸ் 140; அதன் பட்டியலில் நடப்பு, பழையது, ரத்து என மூன்று நிலை உண்டு. பழையதையும் ரத்து என்றே எழுதிவிடுகிறார்கள். பழைய நிலையில் உள்ளதை அந்நாட்டு அரசு அலுவலகங்கள் புதிதாக வாங்கக்கூடாது. ஏற்கெனவே ஓடுவதை, இடர் எடைபோட்டு வைத்துக்கொள்ளலாம். ரத்தானதற்கு அந்தச் சலுகை கிடையாது.