கலிஃபோர்னியாவில் நோட்டரி ஆகி, லோன் சைனிங் வேலையும் பார்ப்பது எப்படி?

நம்ம ஊரில் நோட்டரி என்றாலே கோர்ட் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் வக்கீல்தான் கண்முன் வருவார். 1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டத்தின்கீழ் அங்கே பொதுவாக 10 ஆண்டு வக்கீல் தொழில் பார்த்தவரைத்தான் நியமிக்கிறார்கள். அமெரிக்காவில் வக்கீலாக இருக்க வேண்டியதே இல்லை. அந்தந்த மாநில அரசே நியமிக்கிறது. அதனால் விதியும் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் இருக்கும் கலிஃபோர்னியாவின் விதிகளை மட்டும் இங்கே சொல்கிறேன். லோன் சைனிங் என்பது வீட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கித் தரும் வேலை; அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லோரும் முதலில் கேட்பது, குடியுரிமை வேண்டுமா என்று. வேண்டாம். டெக்சஸ் அப்படி ஒரு விதி வைத்திருந்தது. பெர்னல் எதிர் ஃபெயின்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. 18 வயது நிரம்பி, கலிஃபோர்னியாவில் சட்டப்படி வசிப்பவராக இருந்தால் போதும். கிரீன் கார்டு இருந்தால் தயங்க வேண்டாம். எச்-1பி-யில் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து இதைச் சொந்தத் தொழிலாக ஆரம்பித்துவிடாதீர்கள். ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு வெளியே சம்பாதிப்பது விசாவுக்கே வினையாகும்.

முதலில் 6 மணி நேரப் பயிற்சி வகுப்பு. அந்தச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, 40 டாலர் கட்டணம், போட்டோ உள்ள அடையாள அட்டை இவற்றோடு தேர்வுக்குப் போக வேண்டும். 70 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. பிறகு லைவ் ஸ்கேன் நிலையத்தில் விரல் ரேகை கொடுக்க வேண்டும்; குற்றப் பின்னணி ஏதும் உண்டா என்று அதை வைத்துச் சரிபார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் 4 ஆண்டுக்கான நியமனக் கடிதம் தபாலில் வரும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். நியமனம் தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் 15,000 டாலருக்கான பாண்ட் (ஈட்டுறுதிப் பத்திரம்) வாங்கி, கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்தில் உறுதிமொழி எடுத்து, இரண்டையும் பதிவு செய்தாக வேண்டும். 30 நாள் என்பது விடுமுறையையும் சேர்த்த கணக்கு, அவகாசம் நீட்டித் தர மாட்டார்கள். என் தோழி ஒருத்தி கடிதத்தை மேஜை அறையில் வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தாள். திரும்பி வந்தபோது 34-ஆம் நாள். மறுபடி விண்ணப்பத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பாண்ட் உங்களைக் காப்பாற்றும் காப்பீடு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தவறால் யாராவது நஷ்டப்பட்டால் அவர்களுக்குப் பணம் கொடுப்பதற்குத்தான் அது. கொடுத்த பணத்தைப் பாண்ட் கம்பெனி உங்களிடமே வசூலிக்கும். உங்களைக் காக்க, பிழைகளுக்கான தனிக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது அரசு தருவது. லோன் சைனிங் ஏஜென்ட் என்ற பெயரில் மாநில அரசு உரிமம் எதுவும் தருவதில்லை. வீட்டுக் கடன் பத்திரங்களை எடுத்துக்கொண்டு கடன் வாங்குபவர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி வரும் நோட்டரிக்குத்தான் அந்தப் பெயர். வேலை தருவது எஸ்க்ரோ (பணத்தையும் பத்திரத்தையும் நடுவில் வைத்திருப்பவை), டைட்டில் (வீட்டின் உரிமையைச் சரிபார்ப்பவை) கம்பெனிகளும் இடையில் இருக்கும் சைனிங் நிறுவனங்களும். வெளியாள் செய்யும் வேலைக்கும் வங்கியே பொறுப்பு என்று மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக் கழகம் 2012-இல் சுற்றறிக்கை விட்டபின், ஆண்டுதோறும் பின்னணிச் சோதனை கேட்பது வழக்கமாகிவிட்டது. தேசிய நோட்டரி சங்கத்தின் சான்றிதழைப் பலர் எதிர்பார்க்கிறார்கள், ஆனால் அது சட்டத் தேவை அல்ல.

கடன் பத்திரக் கட்டு நூறு பக்கத்தைத் தாண்டும். அதில் நோட்டரி முத்திரை விழுவது சில தாள்களில்தான். கடன் உறுதிச் சீட்டான பிராமிசரி நோட்டுக்கு வெறும் கையெழுத்து போதும். வீட்டை அடமானமாக எழுதித் தரும் டீட் ஆஃப் டிரஸ்டுக்கு முத்திரை வேண்டும், உங்கள் ஜர்னலில் (செய்த நோட்டரி வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) கையெழுத்துப் போடுபவரின் வலது பெருவிரல் ரேகையும் வேண்டும். குடியிருக்கும் வீட்டை ரீஃபைனான்ஸ் செய்தால் (பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கினால்) ரத்து உரிமைத் தாள் என ஒன்று இருக்கும். கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு 3 வேலை நாளுக்குள் கடனே வேண்டாம் என்று ரத்து செய்துவிடலாம். இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாள்; ஞாயிறும் மத்திய அரசு விடுமுறையும் சேராது. புதன்கிழமை கையெழுத்தென்றால் சனி நள்ளிரவோடு முடியும், வெள்ளிக்கிழமை என்றால் செவ்வாய் நள்ளிரவு. அந்தத் தேதி தப்பாக இருந்தால் கடன் பணம் கைக்கு வருவதே தள்ளிப்போகும்.

நம்மவர்களிடம் சிக்கல் வருவது பெயரில். லைசன்ஸில் அப்பா பெயர் கடைசியில் நிற்கும், பத்திரத்தில் முன்னால் இன்ஷியலாக இருக்கும். நமக்குப் பார்த்ததும் புரிந்துவிடும், ஆனால் அது போதாது. பல வருடம் பழகியவராகவே இருந்தாலும், 2008-லிருந்து கலிஃபோர்னியாவில் ‘எனக்குத் தெரிந்தவர்’ என்று சொல்லி முத்திரை வைக்க முடியாது. அதனால் முந்தின நாளே போன் செய்து, கார்டில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன்.

தமிழ் தெரிந்த நோட்டரிக்கு இங்கே உண்மையாகவே தேவை இருக்கிறது. கையெழுத்துப் போடுபவரோடு நோட்டரி நேரடியாகப் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும், நடுவில் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊரிலிருந்து வந்திருக்கும், தமிழ் மட்டுமே பேசும் அம்மா ஒருவர் நிலத்துக்குப் பவர் எழுதித் தர வந்தால், “மனசாரத்தான் கையெழுத்துப் போடுறீங்களாம்மா?” என்று நாமே கேட்க முடியும். ஆனால் தமிழில் விளம்பரம் செய்தால், ‘நான் வக்கீல் அல்ல, குடியேற்றம் உட்பட எந்தச் சட்ட ஆலோசனையும் தர முடியாது’ என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலும் தமிழிலும் போட்டு, கட்டணத்தையும் சொல்லியாக வேண்டும். வட்டி சரியா, இந்தக் கடனை வாங்கலாமா என்று மேஜையில் கேட்பார்கள். கேட்பவர் அண்ணனே ஆனாலும் பதில் சொல்லாதீர்கள். கடன் கொடுப்பவருக்குப் போன் போட்டுக் கொடுங்கள்.

நோட்டரி முத்திரை வைக்கும் ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர்தான் வாங்கலாம். ஒரு முழு லோன் சைனிங்குக்கு நான் பார்த்த வரை 75-லிருந்து 200 டாலர் வரை தருகிறார்கள். அதில் பயணம், அச்சு, காத்திருப்பு எல்லாம் அடக்கம். நோட்டரிக் கட்டணத்துக்கு வருமான வரி உண்டு, சுயதொழில் வரி கிடையாது. மீதிக்கு இரண்டும் உண்டு. எனவே ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை முத்திரை, அதற்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அன்றன்றைக்கே பிரித்து எழுதி வையுங்கள்.