கருவாட்டுக் குழம்பில் எத்தனை கிராம் உப்பு?

பாம்பன், தங்கச்சிமடம், தேவிப்பட்டினம், கீழக்கரை என்று நம் கரையோர ஊர்களுக்கு உணவு ஆய்வுக்காகப் பல்கலைக்கழகத்தார் வந்தால், முதலில் கேட்பது நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான். சோறு, மீன், எண்ணெய்க்கு அந்த நினைவுக் கணக்கு ஓரளவு உதவும். அளவுக் கிண்ணத்தைக் காட்டி, குழம்பு இவ்வளவா அவ்வளவா என்று கேட்கலாம். உப்புக்கு அது போதாது. உப்பு விழுவது தட்டில் அல்ல, சட்டியில். போட்டவர் கைப்பதத்தில் போடுகிறார். சாப்பிட்டவருக்கு அளவு தெரியாது. "அளவாத்தான் போடுவோம்" என்பதைக் கிராமாக மாற்ற வழியில்லை.

உப்புச் சாடியை வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் நிறுத்துக் கழிக்கும் முறையும் உண்டு. மீன் புழங்கும் வீட்டில் அது தப்பான எண்ணைத் தரும். மீன் கழுவ அள்ளுகிற கல் உப்பு சாக்கடைக்குப் போகிறது. ஊறுகாய்க்குப் போட்டது அந்த வாரத்தில் வயிற்றுக்குப் போவதில்லை. சமையலுக்கென்று தனி டப்பா கொடுத்து நிறுத்தால்தான் கணக்கு நிற்கும். கல் உப்பையும் தூள் உப்பையும் ஒரே கரண்டியால் அளக்கக் கூடாது. கல்லுக்கு இடையே காற்று இருப்பதால் எடை குறையும்.

கருவாட்டில்தான் பெரிய சறுக்கல். 'கருவாடு, 30 கிராம்' என்று எழுதிவிட்டுப் போனால் அந்தப் பதிவால் பயனில்லை. நெத்திலி, காரல் போன்ற பொடி மீனை உப்பில்லாமலோ கொஞ்சம் உப்போடோ வெயிலில் காய வைப்பார்கள். சுறா, திருக்கை, சீலாவைக் கீறி உப்பு அடைத்து ஊற வைப்பார்கள். நன்றாக உப்பேறிய துண்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேலேயே உப்பு இருக்கும். ஆகவே என்ன மீன், எப்படிப் பதப்படுத்தியது, வெந்நீரில் எவ்வளவு நேரம் ஊறியது, தண்ணீரை எத்தனை முறை மாற்றிக் கொட்டினார்கள், அதன்பின் குழம்புக்குத் தனியாக உப்பு போட்டார்களா என்று ஐந்தையும் கேட்க வேண்டும். அதே கடையில் ஒரு துண்டு வாங்கி ஆய்வகத்தில் சோதிப்பது இன்னும் நல்லது. கருவாட்டையே விடச் சொல்வது சரியான அறிவுரை ஆகாது. முள்ளோடு தின்னும் நெத்திலி புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தருகிற உணவு. குறைக்க வேண்டியது உப்பை.

கிணற்றுத் தண்ணீர் சவராக இருக்கும் ஊரில், குடிக்கிற தண்ணீரையும் உலையில் ஊற்றுகிற தண்ணீரையும் தனித்தனியே கேளுங்கள். பெரும்பாலும் இரண்டும் வேறு வேறு.

இத்தனை வழியாக வரும் உப்பையும் சேர்த்துப் பிடிப்பது 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்புதான். உப்பாகத் தின்ற சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறுகிறது. காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்கக் கூடாது. நேரத்தை மட்டும் குறிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் பிடித்து, மறுநாள் அதே நேரத்தில் போகும் முதல் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். முதல் நாள் காலைச் சிறுநீரும் சேர்ந்துவிட்டால் உப்பு கூடுதலாகக் காட்டும். மலம் கழிக்கும்போது போவது தவறிவிடும். அதற்கு முன்பே தனியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மீன் விற்கவும் பாசி எடுக்கவும் போகும் பெண்களுக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு அலைவது கூச்சம். வெளியே தெரியாத துணிப்பையும், மூடியுள்ள சிறு குவளையும் கொடுத்தால்தான் முழுதாகச் சேரும். மாதவிலக்கு நாட்களைத் தவிருங்கள். ஒரு முறை தவறியிருந்தாலும் மறைக்காமல் சொல்லும்படி தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திட்டுவார்கள் என்று பயந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். மொத்த அளவு 500 மில்லிக்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரில் வரும் கழிவான கிரியாட்டினினின் அளவும் பார்க்க வேண்டும். மாதிரி எடுக்கும் முன் கேனை நன்றாகக் கலக்குவது கட்டாயம்.

கணக்கு இப்படி: மொத்தம் 1.6 லிட்டர், லிட்டருக்கு 110 மில்லிமோல் (ஆய்வகம் சோடியத்தைக் கணக்கிடும் அலகு) சோடியம் என்றால் 176 மில்லிமோல். ஒரு மில்லிமோல் உப்பின் எடை 58.5 மில்லிகிராம், அதனால் பெருக்கினால் சுமார் 10,300 மில்லிகிராம், அதாவது 10.3 கிராம் உப்பு. வெளியேறாத பங்குக்காக 0.9-ஆல் வகுத்தால் 11.4. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே.

வெயிலில் வலை இழுப்பவருக்கு வியர்வையிலும் உப்பு போகும், எனவே சிறுநீர்க் கணக்கு குறைத்துக் காட்டும். கடலுக்குப் போன நாளா, கரையில் இருந்த நாளா என்று படிவத்தில் எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் எடுத்த கணக்கை ஆண்டு முழுவதற்கும் பொருத்தக் கூடாது. நோன்பு மாதத்தில் எடுத்ததும் அப்படியே.

ஒரு நாள் சேகரிப்பு, ஊரின் சராசரியைச் சொல்லப் போதும். ஒருவரிடம் "நீங்கள் இவ்வளவு உப்பு தின்கிறீர்கள்" என்று சொல்லப் போதாது, உப்பு நாளுக்கு நாள் மாறும். அவர் கையில் கொடுக்கும் தாளில் இரத்த அழுத்தத்தை எழுதுங்கள், கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அது ஆபத்து.